குரல்வளையின் நரம்பு நாளமில்லாப் புற்றுகள்: பெயரும் மருத்துவமும் மாறிய வரலாறு

குரல்வளையில் தோன்றும் புற்றுநோய்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை செதிள் செல் புற்று என்னும் ஒரே வகையைச் சேர்ந்தவை. அதன் உட்பரப்பை மூடியிருக்கும் தட்டையான செல்களிலிருந்து இவை எழுகின்றன. புகையிலை இவற்றின் முதன்மைக் காரணம். எஞ்சிய சிறு பங்கில், மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாத அளவில், நரம்பு நாளமில்லாப் புற்றுகள் அடங்குகின்றன. நரம்புச் செல்லின் இயல்பும், ஹார்மோன் சுரக்கும் நாளமில்லாச் சுரப்பிச் செல்லின் இயல்பும் கலந்த செல்களால் ஆனதால் இவற்றுக்கு இப்பெயர். மருத்துவர்கள் நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் என்பது இவற்றையே.

இவை ஒரே நோயல்ல. ஒரே குடும்பப் பெயரைத் தாங்கிய நான்கு வகைகளில் ஒன்று உயிரைப் பறிப்பது மிக அரிது. மற்றொன்றில் ஐந்தாண்டுகள் கடப்பவர் ஐவரில் ஒருவர்கூட இல்லை. ஒன்றுக்கு அறுவைதான் மருந்து; இன்னொன்றில் அறுவை செய்து குரலை இழப்பது பெரும்பாலும் வீண். பெயரைத் தவறாக இட்டால் மருத்துவமும் தவறிவிடும். அந்தப் பெயர்களைச் சரிசெய்ய ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது.

கண்ணாடியும் கத்தியும்

உயிருள்ள மனிதரின் குரல்வளையை முதலில் தெளிவாகக் கண்டு விவரித்தவர் மருத்துவர் அல்லர், பாட்டு ஆசிரியர். இலண்டனில் இசை கற்பித்துவந்த மனுவேல் கார்சியா, 1854-இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் செலுத்தி, கதிரவன் ஒளியைத் திருப்பிப் பாய்ச்சித் தம் குரல் நாண்கள் அசைவதைப் பார்த்தார். அதை அடுத்த ஆண்டு ராயல் கழகத்துக்கு அறிவித்தார். சில ஆண்டுகளில் வியன்னாவின் டியூர்க்கும், செர்மாக்கும் அந்தக் கண்ணாடியை மருத்துவக் கருவியாக்கினர்.

1873 டிசம்பர் 31 அன்று, அதே வியன்னாவில் தியோடர் பில்ரோத், புற்றுநோய்க்காகக் குரல்வளை முழுவதையும் அகற்றும் முதல் அறுவையைச் செய்தார். நோயாளி பிழைத்தெழுந்தார், ஆனால் நோய் திரும்பி, சில மாதங்களில் இறந்தார். குரல்வளையை முழுதாக அகற்றுவதென்றால் என்னவென்று நினைவில் கொள்வது நல்லது. மூச்சுக்குழாய் கழுத்தின் முன்புறத்தில் ஒரு துளையாகத் திறந்துவிடப்படுகிறது. அதன்பின் மூக்கு வழியாக மூச்சு இல்லை. இயற்கைக் குரல் நிரந்தரமாகப் போய்விடுகிறது. உணவுக்குழாய் வழியாகவோ, பொருத்தும் சிறு அடைப்பிதழ் வழியாகவோ பேசப் பழகலாம், எனினும் அது வேறு குரல். இந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி இக்கட்டுரையில் பேசப்படும் எல்லா மருத்துவ முடிவுகளுக்கும் அடியில் இருக்கிறது.

அந்தக் கேள்வியை உலகறியச் செய்தவர் செருமானிய இளவரசர் பிரெடரிக். 1887-இல் அவருக்குக் குரல் கம்மியது. செருமானிய மருத்துவர்கள் புற்றென்று ஐயுற்று, கழுத்தைத் திறந்து அறுவை செய்யத் தயாராயினர். இலண்டனிலிருந்து வந்த மோரல் மெக்கன்சி, முதலில் ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும் என்றார். அக்காலத்தின் முதன்மை நோய்க்குறியியல் வல்லுநரான ருடால்ஃப் விர்ச்சோ, அனுப்பப்பட்ட துணுக்குகளில் புற்று இல்லை என்றார். அறுவை கைவிடப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் புற்று உறுதியானது. 1888 பிப்ரவரியில் மூச்சுக்காகக் கழுத்தில் துளையிட நேர்ந்தது. மார்ச்சில் பேரரசரான பிரெடரிக், தாளில் எழுதிக் காட்டியே ஆட்சி செய்து, 99 நாட்களில் இறந்தார். யார் மீது தவறு என்று இரு நாட்டு மருத்துவர்களும் நூல்கள் எழுதிச் சண்டையிட்டனர். விர்ச்சோவின் கண் பழுதல்ல. அவருக்குக் கிடைத்த துணுக்கில் இருந்ததைத்தான் அவர் சொன்னார் என்பதே நியாயமான தீர்ப்பாகத் தோன்றுகிறது. சிறு துணுக்கை நம்பிப் பெரிய முடிவெடுக்கும் இந்த இக்கட்டு, அடுத்த நூற்றாண்டில் வேறு உருவில் திரும்பி வரும்.

குடலில் பிறந்த சொல்

நரம்பு நாளமில்லாக் கட்டிகளின் கதை குரல்வளையில் தொடங்கவில்லை, சிறுகுடலில் தொடங்கியது. மியூனிக் நகர நோய்க்குறியியல் மருத்துவர் சீக்ஃபிரீட் ஓபர்ன்டோர்ஃபர், பிணக்கூறு ஆய்வுகளில் சிறுகுடலில் கண்ட மணிபோன்ற சிறு கட்டிகளுக்கு 1907-இல் ‘கார்சினாய்டு’ என்று பெயரிட்டார். புற்றைப் போன்றது, ஆனால் புற்று அன்று என்பது பொருள். நுண்ணோக்கியில் புற்றாகத் தெரிந்தாலும் அவை மெல்ல வளர்ந்தன, பரவவில்லை என்று அவர் எண்ணினார். 1929-இல் அவரே அவற்றில் சில பரவக்கூடியவை என்று எழுதித் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். சொல் மட்டும் திருந்தவில்லை. ‘புற்றைப் போன்றது’ என்ற ஆறுதலான பெயர் பின்னாளில் கொல்லும் கட்டிகளுக்கும் ஒட்டிக்கொண்டது. யூதரான ஓபர்ன்டோர்ஃபர் 1933-இல் பதவியை இழந்து இஸ்தான்புல்லுக்குச் சென்றார். 1944-இல் அங்கேயே காலமானார்.

1914-இல் பிரான்சின் கோசேயும், மாசோனும், இக்கட்டிகளின் செல்கள் வெள்ளி உப்பால் கறுத்துச் சாயமேற்கும் தன்மையுடையவை என்றும், குடலின் உட்சுவரில் சிதறிக் கிடக்கும் நாளமில்லாச் செல்களிலிருந்து பிறந்தவை என்றும் காட்டினர். 1938-இல் ஃபிரீட்ரிக் ஃபெய்ர்ட்டர், ஒரே சுரப்பியாகத் திரளாமல் பல உறுப்புகளின் மேற்பரப்பில் பரவிக் கிடக்கும் நாளமில்லா அமைப்பு ஒன்று உடலில் உண்டு என்றார். அப்படியானால் அந்தக் கட்டி குடலில் மட்டுமல்ல, மூச்சுப்பாதையிலும் தோன்றலாம். இதற்கிடையில் 1926-இல் இலண்டனின் பர்னார்டு, மார்புக்கூட்டின் நடுப்பகுதியில் தோன்றும் சதைப்புற்று என்று கருதப்பட்டுவந்த ஓட்ஸ் மணி வடிவச் செல் கட்டி உண்மையில் நுரையீரலின் புற்றே என்று நிறுவினார். இதுவே சிறு செல் புற்று. கார்சினாய்டும் இதுவும் ஒரே குடும்பத்தின் இரு முனைகள் என்பது, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இரண்டின் செல்களுக்குள்ளும் ஹார்மோன் துகள்கள் தெரிந்த பிறகே துலங்கியது.

குரல்வளைக்கு வந்த இரு அறிக்கைகள்

1969-இல் கோல்ட்மன், ஹூட், சிங்கிள்டன் ஆகிய மூவர் குரல்வளையில் கார்சினாய்டு ஒன்றை விவரித்தனர். 1972-இல் ஓலோஃப்சனும், வான் நோஸ்ட்ராண்டும் குரல்வளையின் சிறு செல் புற்றை விவரித்தனர். ஒவ்வொன்றும் ஒரே நோயாளியின் கதை. அதற்கு முன் இக்கட்டிகள் இருந்ததில்லை என்று கொள்ளலாகாது. ‘வகை தெரியாப் புற்று’ என்றோ, சுரப்பிப் புற்று என்றோ, சாதாரணச் செதிள் செல் புற்று என்றோ பெயரிட்டு, சாதாரணப் புற்றுக்குரிய மருத்துவமே அவற்றுக்கும் செய்யப்பட்டது.

சிறு செல் புற்றில் அந்தப் பழக்கத்தின் விலை பெரிது. நோயாளி குரல் கம்மலோடு வருவார். குரல்வளை முழுதும் அகற்றப்படும். கழுத்தில் துளையோடு வீடு திரும்புவார். சில மாதங்களில் கல்லீரலிலும் எலும்பிலும் நோய் தலைகாட்டும். கட்டி கண்ணுக்குத் தெரியும் நாளிலேயே அதன் விதைகள் குருதி வழியே உடலெங்கும் போய்விட்டிருக்கும் என்பதே காரணம்.

இதை நுரையீரல் மருத்துவர்கள் சற்று முன்னரே உணர்ந்திருந்தனர். பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், நுரையீரலின் சிறு செல் புற்று கண்ட 144 பேரை அறுவை, கதிர்வீச்சு என இரு பிரிவாகப் பகுத்து ஆய்ந்தது. பத்தாண்டு முடிவுகள் 1973-இல் வந்தன. உயிரோடு இருந்தவர் மிகச் சிலர். அவர்கள் அனைவரும் கதிர்வீச்சுப் பிரிவினர். அறுவைப் பிரிவில் எவரும் இல்லை. குரல்வளைக்கு இத்தகைய ஆய்வு என்றுமே நடக்கவில்லை, நடக்கவும் வழியில்லை. ஒரு பெரிய மருத்துவமனைக்குப் பத்தாண்டில் ஓரிரு நோயாளிகள் வரும் நோயில் 144 பேரை எங்கே திரட்டுவது?

ஆகவே அறிவு வேறு வழியில் சேர்ந்தது: அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிவந்த அறிக்கைகளைத் தொகுத்தல். 1983-இல் நெப், ஃபெர்லிட்டோ, ஹையம்ஸ் ஆகியோர் தங்களிடமிருந்த 18 நோயாளிகளையும், அதுவரை அச்சில் வந்தவர்களையும் சேர்த்து ஆராய்ந்தனர். நுரையீரலின் சிறு செல் புற்று போலவே குரல்வளையின் சிறு செல் புற்றும் விரைந்து பரவும் நோய் என்பது அப்போது தெளிவாகியது. அதன்பின் மருத்துவம் மெல்லத் திசை திரும்பியது: குரல்வளையை விட்டுவிட்டு, உடல் முழுதும் செல்லும் வேதிமருந்தும், கழுத்துக்குக் கதிர்வீச்சும். சிஸ்பிளாட்டினும் எட்டோபோசைடும் சேர்ந்த கூட்டு, நுரையீரலிலிருந்து அப்படியே கடன் வாங்கப்பட்டது.

நடுவில் நின்ற கட்டி

இரு முனைகளும் தெளிந்த பின் சிக்கல் நடுவில் எழுந்தது. 1972-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த அரிகோனியும் உடனாய்வாளர்களும், நுரையீரலில் கார்சினாய்டு போலத் தோன்றினாலும் அதைவிட வேகமாகப் பெருகும் கட்டிகளைத் தனியே பிரித்து, ‘வழமை மாறிய கார்சினாய்டு’ என்றனர். குரல்வளையிலும் அதுவே இருந்தது. வியப்பு என்னவென்றால், நுரையீரலில் சாதுவான வழமைக் கார்சினாய்டே மிகுதி. குரல்வளையிலோ வழமைக் கார்சினாய்டு மிக அரிது, வழமை மாறியதே மிகுதி.

1988-இல் வெனிக், ஹையம்ஸ், ஹெஃப்னர் ஆகியோர் இவ்வகையில் 54 நோயாளிகளை ஒரே கட்டுரையில் ஆராய்ந்தனர். ஓர் அரிய நோய்க்கு இவ்வளவு பேர் எப்படிக் கிடைத்தனர்? வாஷிங்டனின் ஆயுதப்படை நோய்க்குறியியல் நிறுவனத்துக்கு, விளங்காத கட்டிகளின் கண்ணாடித் தகடுகளைப் பல ஊர் மருத்துவர்கள் கருத்துக் கேட்டு அனுப்புவது அன்று வழக்கமாக இருந்தது. பல ஆண்டுகளாக அலமாரிகளில் சேர்ந்த அந்தத் தகடுகளே புதையலாயின. இத்தகைய தொகுப்புகளிலிருந்து ஒரு முகம் உருவானது. நோயாளி பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதுக்காரர், ஆண், புகைப்பவர். கட்டி குரல் நாண்களுக்கு மேலே, குரல்வளை மூடியையும் அதன் பின்புற மடிப்புகளையும் ஒட்டித் தோன்றும். விழுங்கும்போது வலி, சில வேளை அது காதுவரை பாயும். கழுத்தின் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும். தோலிலும் தோலுக்கடியிலும் வலிமிகுந்த சிறு முடிச்சுகளாக முளைப்பது இதன் தனி அடையாளம். செதிள் செல் புற்றில் அது அரிது.

இந்த முகத்தை இரண்டு வேறு நோய்களோடு மருத்துவர்கள் பலமுறை குழப்பிக்கொண்டனர். ஒன்று, பாராகாங்கிலியோமா. இது நரம்பு முடிச்சுகளை ஒட்டிய செல்களிலிருந்து தோன்றுவது, குரல்வளையில் பெண்களிடம் மிகுதி, அனேகமாகத் தீங்கற்றது. பழைய அறிக்கைகள் குரல்வளைப் பாராகாங்கிலியோமாவில் கணிசமான பகுதி பரவிக் கொல்லும் என்று எழுதின. 1990-களில் பார்ன்சும் பிறரும் அந்தத் தகடுகளையும் விவரங்களையும் மீண்டும் ஆராய்ந்தபோது, ‘பரவிய பாராகாங்கிலியோமா’க்களில் பெரும்பாலானவை பெயர் மாறிய வழமை மாறிய கார்சினாய்டுகளே என்று தெரிந்தது. சாதுவான நோய்க்கு அஞ்சிப் பெரிய அறுவையும், கொடிய நோய்க்குச் சிறிய அறுவையும் நடக்க அக்குழப்பம் இடங்கொடுத்தது. திசுவுக்கு எதிர்ப்பொருள் கொண்டு சாயமிடும் முறை வந்தபின் வேறுபாடு எளிதாயிற்று: குரோமோகிரானின், சினாப்டோஃபைசின் என்னும் புரதங்கள் இரண்டிலும் உண்டு, கெரட்டின் கார்சினாய்டில் உண்டு, பாராகாங்கிலியோமாவில் பொதுவாக இல்லை.

மற்றொன்று தைராய்டின் மெடுல்லரிப் புற்று. கால்சிடோனின் என்னும் ஹார்மோன் அதன் முத்திரை என்று மாணவர்கள் படிப்பதுண்டு. குரல்வளையின் வழமை மாறிய கார்சினாய்டும் பல வேளைகளில் அதே கால்சிடோனின் சாயத்தை ஏற்கிறது. கழுத்து முடிச்சிலிருந்து துணுக்கு எடுத்த மருத்துவர் தைராய்டைத் தேடிப் போவது இயல்பு. குருதியில் கால்சிடோனின் அளவு பெரும்பாலும் உயராமல் இருப்பதும், குரல்வளைக்குள் ஒருமுறை குழாய்நோக்கியால் பார்ப்பதும்தான் நோயாளியின் தைராய்டைக் காப்பாற்றின. விர்ச்சோவின் துணுக்கில் புற்று இல்லாதிருந்தது. இங்கே துணுக்கில் புற்று இருந்தும், அது எந்த வீட்டுப் பிள்ளை என்பது தெரியவில்லை.

வகைப்பாட்டு நூலும் ஒரு தமிழரும்

உலக நலவாழ்வு நிறுவனம், ஒவ்வோர் உறுப்பின் கட்டிகளுக்கும் எல்லா நாடுகளிலும் ஒரே பெயர் வழங்கவேண்டும் என்று நீலநிற அட்டை நூல்களை வெளியிட்டுவருகிறது. மேல் மூச்சுப்பாதைக் கட்டிகளுக்கான நூலின் முதல் பதிப்பை 1978-இல் சோபினுடன் இணைந்தும், காதையும் சேர்த்து விரிவாக்கிய இரண்டாம் பதிப்பை 1991-இலும் உருவாக்கியவர் சிங்கப்பூரின் கனகரத்தினம் சண்முகரத்தினம். 1921-இல் சிங்கப்பூரில் பிறந்த இலங்கைத் தமிழ் வழியினரான இவர், மூக்குத்தொண்டைப் புற்றில் உலகறிந்த வல்லுநர். சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகத்தை நிறுவியவர். 2018-இல் மறைந்தார். சிங்கப்பூர்க் குடியரசுத் தலைவர் தர்மன் சண்முகரத்தினம் இவருடைய மகன். மகனை அறிந்த தமிழர் பலர். தந்தையின் பெயர் உலகெங்கும் நோய்க்குறியியல் ஆய்வகங்களில் வழங்கியது என்பதை அறிந்தவர் குறைவு.

1991 பதிப்பில் குரல்வளையின் கார்சினாய்டு, வழமை மாறிய கார்சினாய்டு, சிறு செல் புற்று ஆகியவை தனித்தனித் தலைப்புகளில் நின்றன. அதே ஆண்டில் நுரையீரலில் பெரிய செல் நரம்பு நாளமில்லாப் புற்று என்ற நான்காம் வகையைத் திராவிசும் குழுவினரும் பிரித்தறிந்தனர். குரல்வளை நூலில் அது உடனே இடம்பெறவில்லை. 2005 பதிப்பும் அதை வழமை மாறிய கார்சினாய்டுக்குள்ளேயே அடக்கியது. 2017-இல்தான் அது வெளியே எடுக்கப்பட்டுச் சிறு செல் புற்றின் அருகில் வைக்கப்பட்டது. அப்பதிப்பு கார்சினாய்டு என்ற சொல்லையே பின்னுக்குத் தள்ளி, நன்கு உருப்பெற்றது, ஓரளவு உருப்பெற்றது, உருப்பெறாதது என்று படிநிலையால் பெயரிட்டது. இரண்டு சதுர மில்லிமீட்டர் பரப்பில் பிளவுறும் செல்கள் இரண்டுக்குக் குறைவா, இரண்டு முதல் பத்துவரையா, பத்துக்கு மேலா என்று எண்ணுவது அளவுகோலாயிற்று. 2022-இல் மீண்டும் மாற்றம்: எல்லா உறுப்புகளுக்கும் பொதுவாக, மெல்ல வளரும் ‘கட்டி’ ஒருபுறம், அதில் மூன்று படிகள், விரைந்து கொல்லும் ‘புற்று’ மறுபுறம், அதில் சிறு செல், பெரிய செல் என இரண்டு. ஐம்பதாண்டில் இத்தனை பெயர் மாற்றம் மாணவருக்கு எரிச்சலூட்டும். ஆயினும் ஓபர்ன்டோர்ஃபரின் இனிய சொல் பலரை ஏமாற்றியதை எண்ணினால், மாற்றம் வேண்டியதே.

436 பேரின் கணக்கு

2015-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த வான் டெர் லான் குழுவினர், அதுவரை அச்சில் வந்த அறிக்கைகளிலிருந்து 436 நோயாளிகளைத் திரட்டிக் கணக்கிட்டனர். இந்நோயால் இறவாமல் ஐந்தாண்டு கடந்தோர், வழமைக் கார்சினாய்டில் நூற்றுக்கு 100. வழமை மாறியதில் 53. சிறு செல் புற்றில் 19. பெரிய செல் புற்றில் 15. ஒரே உறுப்பு, ஒரே குடும்பம், இவ்வளவு இடைவெளி.

வழமைக் கார்சினாய்டுக்கு, குரல்வளையைக் காத்துக் கட்டியை மட்டும் முழுதாக நீக்கும் அறுவை போதும். கழுத்தைத் திறந்து நிணநீர் முடிச்சுகளைக் களைய வேண்டியதில்லை.

வழமை மாறியதில்தான் பாடம் கூர்மையானது. 1991-இல் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் 332 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு, செதிள் செல் புற்று முற்றியவர்களுக்கும் வேதிமருந்தும் கதிர்வீச்சும் கொடுத்து, நூற்றுக்கு 64 பேரின் குரல்வளையைக் காக்கலாம் என்று காட்டியிருந்தது. அறுவை செய்தவர்களைவிட அவர்கள் குறைவாக வாழவும் இல்லை. உலகமே குரலைக் காக்கும் வழிக்குத் திரும்பிய காலம் அது. ஆனால் வழமை மாறிய கார்சினாய்டு கதிர்வீச்சுக்கு அவ்வாறு மசிவதில்லை. 436 பேரின் கணக்கில் அறுவை பெற்றவர்களே கூடுதலாகப் பிழைத்தனர். அறுவைக்குப் பின் கதிர்வீச்சைச் சேர்த்தது பிழைப்பைக் கூட்டவில்லை. முன்கூட்டியே கழுத்து முடிச்சுகளைக் களையாதவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு நோய் கழுத்தில் மட்டும் திரும்பியது. எனவே, முடிந்தால் குரல்வளையின் ஒரு பகுதியையும், முடியாவிட்டால் முழுவதையும் நீக்கி, முடிச்சு தெரியாவிட்டாலும் கழுத்தின் இருபுறமும் களைவதே பரிந்துரையாயிற்று. செதிள் செல் புற்றென்று தவறாகப் பெயரிட்டுக் கதிர்வீச்சுக்கு அனுப்பப்படுபவர், தமக்குப் பயன்படக்கூடிய அறுவையை இழக்கிறார்.

சிறு செல் புற்றில் நிலை நேர்மாறு. வேதிமருந்தும் கதிர்வீச்சும் சேர்ந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 31 பேர் ஐந்தாண்டு கடந்தனர். பிற மருத்துவம் பெற்றவர்களில் 13. பெரிய செல் புற்றுக்கு எண்ணிக்கை மிகக் குறைவு. பெரும்பாலும் இதே வழி பின்பற்றப்படுகிறது.

இந்த எண்களைப் பார்த்துப் படிப்பது முறை. இவை பல நாடுகளில், பல பத்தாண்டுகளில், வெவ்வேறு பெயர் முறைகளில் எழுதப்பட்ட தனி அறிக்கைகளின் கூட்டல். வேதிமருந்தையும் கதிர்வீச்சையும் தாங்கும் உடல்வலு உள்ளவர்களுக்கே அவை கொடுக்கப்பட்டிருக்கலாம். அந்த வலுவே சிலரைக் காத்திருக்கலாம். ஐந்தாண்டு என்ற எல்லையும் ஏமாற்றும். வழமை மாறிய கார்சினாய்டின் பழைய அறிக்கைகளை 1991-இல் ஆய்ந்த உட்ரஃபும் சீனியும், ஐந்தாண்டு கடந்தோர் நூற்றுக்கு 48, பத்தாண்டு கடந்தோர் 30 என்று கண்டனர். ஐந்தாம் ஆண்டுக்குப் பின்னும் நோய் கொல்கிறது. அதனால் ஐந்தாண்டோடு பின்தொடர்தலை நிறுத்துவது இந்நோயில் பொருந்தாது.

நுரையீரலிலிருந்து கடன் வாங்குவது இன்றும் தொடர்கிறது. 2018-இல் 403 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு ஒன்று, பரவிய நுரையீரல் சிறு செல் புற்றில் வேதிமருந்தோடு அட்டெசோலிசுமாப் என்னும் தடுப்பாற்றல் மருந்தைச் சேர்த்தால் இடைநிலை வாழ்நாள் 10.3 மாதத்திலிருந்து 12.3 மாதமாக நீள்கிறது என்று காட்டியது. குரல்வளை நோயாளிகளுக்கும் அதே மருந்து, அவர்களை வைத்துச் சோதித்த சான்று இல்லாமலே கொடுக்கப்படுகிறது. மெல்ல வளரும் வகைகள் பரவிவிட்டால், குடல் கட்டிகளுக்கு வந்த ஆக்ட்ரியோடைடு ஊசியும், கதிரியக்க லூட்டீசியம் மருந்தும் ஓரிரு நோயாளிகளில் முயலப்பட்டுள்ளன.

உட்ரஃபின் 48-க்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் பெரிய செல் புற்று தனிப்பெயர் பெற்றிருக்கவில்லை. அதன் நோயாளிகள் சிலர் வழமை மாறிய கார்சினாய்டுக்காரர்களாகவே எண்ணப்பட்டிருப்பார்கள். பழைய தகடுகளை எடுத்துப் பிளவுறும் செல்களை மீண்டும் எண்ணினால் மட்டுமே, அந்த 48-இல் எவ்வளவு எந்த நோயுடையது என்று பிரிக்க முடியும்.